மாதந்தோறும் மாறும் சிலிண்டர் விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழவந்தானில் நானும் மனைவியும் அம்மாவும் சேர்ந்து சென்ற தை மாதம் காலைச் சிற்றுண்டிக் கடை ஒன்று திறந்தோம். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை விளையும் ஊர் என்பதால், கொடிக்காலுக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே வந்துவிடுகிறார்கள். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று முதல் நாள் மாலையே அரைத்து வைத்தும், தைப்பனியில் மாவு பொங்காமல் கிடந்த நாள்களில், அம்மா அடுப்படிச் சூட்டில் பாத்திரத்தைச் சாக்கால் போர்த்திவைத்துக் காத்திருந்தார். அதைச் சமாளித்துவிட்டோம்.

எரிவாயுச் செலவைத்தான் சமாளிக்க முடியவில்லை. வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்தக் கூடாது என்பது நியாயமே. ஆனால், 19 கிலோ வணிகச் சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் நாளில் மாறும்போது, பெரிய ஓட்டல்கள் விலைப்பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். தினமும் முகம் பார்த்துப் பழகிய கொடிக்கால்காரரிடம் ‘இன்று முதல் இட்லிக்கு ஒரு ரூபாய் கூடுதல்’ என்று மாதந்தோறும் எங்களால் சொல்ல முடியுமா? (சட்னியில் தண்ணீர் சேர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார், அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.)

சிறு உணவகங்களுக்கு மட்டுமாவது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை விலையை நிர்ணயிக்க ஒன்றிய அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.