சனிக்கிழமை இரவு வந்து பார்க்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வீடு, மனைப் பக்கத்தில் கோவை வாசகி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பக்கத்து பிளாட்காரர்களின் சத்தம் தாங்க முடியவில்லை, எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, நான் வேறிடம் போய்விட்டு இதை வாடகைக்கு விடலாமா என்று. தாராளமாக விடலாம், ஆனால் சத்தத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள், வருபவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருந்தது. முன்பாதி சரி. பின்பாதியைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் அதே கேள்விதான் முன்னால் நிற்கிறது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். மதுரையில் மகளுக்குப் பேறுகாலம். குழந்தை நடக்கும் வரையாவது அங்கே இருக்க வேண்டும். பூட்டிய வீட்டை இந்த ஊர் ஈரம் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கவைத்துவிடும், ஆகவே யாரையாவது குடிவைத்தே தீர வேண்டும். தலைக்கு மேலே உள்ள வீடோ காட்டேஜ். சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள்.

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் நான். டிரங்க் கால் காலத்திலிருந்து காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊராரின் கத்தலைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். சத்தத்தைக் கண்டு மிரளுகிறவள் அல்ல.

ஆனால் மலையில் சத்தத்தின் கணக்கே வேறு. எங்கள் வீடுகளில் மின்விசிறி கிடையாது. மதுரையில் மகள் வீட்டில் படுத்தால் விசிறியின் இரைச்சலில் பாதித் தெரு காணாமல் போய்விடுகிறது. இங்கே ஜன்னலை அடைத்துக் கம்பளிக்குள் புகுந்துவிட்டால் மாடியில் நாற்காலியை இழுப்பது, குளியலறையில் வாளி வைப்பது, போனில் பேசுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து கிடப்பதால் ஒலி மேலே போய்க் கரையாமல் கீழே வளைந்து வருகிறது என்று இயற்பியல் படித்த என் மருமகன் சொல்வார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கைதட்டினால் எங்கள் வாசலில் கேட்பது அதனால்தானாம். ஸ்பீக்கரோடு வந்து இறங்குகிற நாளில் சமையலறை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பாட்டு என்ன என்றே தெரியாது, அடி மட்டும் சுவர் வழியாக இறங்கி வரும். நள்ளிரவில் ஒரு வண்டி வந்து சரிவில் பின்னால் எடுக்கும். "வரலாம், வரலாம், ஒடிச்சு வா" என்று நான்கு பேர் கூவுவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே வட்டக்கானலில் சூரியனைப் பார்க்க அதே வண்டி கிளம்பும்.

வருகிறவர்கள் கெட்டவர்களும் அல்லர். ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்வெட்டரும் மப்ளருமாக மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். கல்லூரிப் பிள்ளைகள், யாருக்கோ பிறந்தநாள். "மன்னித்துக்கொள்ளுங்கள் பாட்டி" என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக்கையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மாலை வேறொரு கூட்டம் வந்து இறங்கியது.

கோவை வாசகியின் நிலைமைக்கும் என்னுடையதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்பு மேலே ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டுப் பையன் கூடத்திலேயே மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், தரையில் ஜமக்காளம் விரித்தார். நாளைக்கும் என் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். ஓர் இரவு தங்கிப் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோவை வாசகிக்குச் சண்டை போடவாவது ஒரே ஆள் இருக்கிறார்.

வீட்டுத் தரகர் எனக்குச் சொன்ன யோசனையும் உங்கள் பக்கத்தில் வந்த யோசனையும் ஒன்றே. "செவ்வாய்க்கிழமை காலையில் காட்டுங்கள் அம்மா, ஒரு குருவிச் சத்தம்கூட இருக்காது" என்றார். ஏரியிலிருந்து எத்தனை நிமிடம், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, ஹீட்டர் இருக்கிறதா என்பதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். மாடியைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாதாம்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவே இதைத்தான் பேசுகிறது. எந்த உபயோகத்துக்காகச் சொத்து குத்தகைக்கு விடப்படுகிறதோ அதைப் பாதிக்கும் முக்கியமான குறை ஒன்று உரிமையாளருக்குத் தெரிந்து, வருபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், உரிமையாளர் அதைச் சொல்லியாக வேண்டும். மாடிவீட்டுச் சத்தம் சொத்தின் குறையா, அண்டை வீட்டாரின் குறையா என்று வக்கீல்கள் வாதாடட்டும். செவ்வாய்க்கிழமை காலையாகப் பார்த்துக் காட்டுகிறோம் என்றாலே, சாதாரணக் கவனத்துக்கு அது அகப்படக் கூடாது என்று திட்டம் போடுகிறோம் என்றுதானே பொருள்?

நான் சொல்லிப் பார்த்தேன். மாற்றலாகி வந்த ஒரு வங்கி ஊழியர், மனைவியோடும் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணோடும் வந்தார். வீடு மூவருக்கும் பிடித்துவிட்டது. மாடியைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். காபி குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தரகர் அதற்குப் பிறகு சில நாள் என் போனை எடுக்கவில்லை. அடுத்து வந்தவர் ஒரு ஓட்டல் சமையல்காரர். சீசனில் வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு ஒரு மணி ஆகும், காலை பத்து வரை தூங்க வேண்டும் என்றார். விடியற்காலை ஐந்து மணிக் கிளம்பலைப் பற்றியும் விடாமல் சொன்னேன். சிரித்துவிட்டு, அடுக்களைச் சத்தத்தில் காது பழகிவிட்டது என்றார். வாடகையில் ஆயிரத்து ஐந்நூறு குறைக்கக் கேட்டார், குறைத்தேன். சத்தம் கூடவே வருகிற வீட்டுக்கு அமைதியான வீட்டின் வாடகையை எந்த வாயால் கேட்பது?

"நீங்களும் காட்டேஜ் ஆக்கிவிடுங்களேன்" என்கிறார்கள் எங்கள் கட்டடத்திலேயே. மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் இரண்டு வார இறுதிகளில் என் ஒரு மாத வாடகை வந்துவிடும், உண்மைதான். ஆறில் நான்கு வீடுகள் ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டன. உரிமையாளர் சங்கத்தில் நாள் வாடகை வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தால் கை தூக்க நானும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தம்பதியும்தான் இருப்போம். நான் போய்விட்டால் அவர்கள் இருவர் மட்டும். அவர்கள் வாசலுக்கு எதிரிலும் ஒரு ஸ்பீக்கரை வைக்க எனக்கு மனம் இல்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. ஆனால் புகார் கொடுத்து யாராவது வருவதற்குள் கூட்டம் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. எந்த வண்டி எப்போது மலையேறியது என்பது தெரிகிறது, அது எந்த வீட்டு வாசலில் நின்று இரவைக் கழிக்கிறது என்பதையும் சரிபார்த்தால் என்ன?

நகராட்சியிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குடியிருப்பு என்று அனுமதி வாங்கி நாள் வாடகைக்கு விடும் வீட்டை விடுதியாகவே நடத்த வேண்டும். தங்குபவர் பதிவேடும், இரவில் அதே கட்டடத்தில் ஒரு பொறுப்பாளும், வாசலில் அவருடைய தொலைபேசி எண்ணும் கட்டாயமாக வேண்டும். எங்கள் மாடிவீட்டு உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

கோவை வாசகி தாராளமாக வீட்டை வாடகைக்கு விடட்டும். முன்பணம் வாங்குவதற்கு முன்னால், வருபவரை ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் வந்து அரைமணி நேரம் கூடத்தில் உட்காரச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் வேண்டும் என்கிறவருக்கு வாடகையைக் கொஞ்சம் குறைத்து, பக்கத்து வீட்டுச் சத்தம் பற்றி முன்பே தெரிவிக்கப்பட்டது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். அந்தச் சமையல்காரரோடு நான் எழுதப்போகும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கும்.

இப்படிக்கு,
க. செ.,
நாயுடுபுரம், கொடைக்கானல்.