வழக்கு உங்களுடையது, நடத்த வேண்டியது மட்டும் பூக்காரம்மாவா? இந்திய பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் பெங்களூரிலிருந்து இன்னொரு கோப்பு டெல்லிக்குக் கிளம்பிவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவு: வக்கீல்மேல் வரும் புகாரை விசாரிக்கும் மாநில மன்றத்தில் (மாநில பார் கவுன்சில்) ஓராண்டு முடிந்தது, விசாரணை முடியவில்லை, ஆகவே உங்கள் கைக்கு. புகார்தாரர் ஸ்ரீராம்புரத்தில் பூக்கட்டி விற்கும் வயதான தமிழ்ப் பெண்மணி. கணவர் விபத்தில் இறந்ததற்குக் கிடைத்த இழப்பீட்டை வக்கீல் தன் கணக்கில் வாங்கிக்கொண்டு, "கேஸ் மேல்கோர்ட்டில் நடக்குதும்மா" என்று சொல்லிவந்தார் என்பது புகார். உண்மையா பொய்யா என்று நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை. உண்மையைத் தேடிப் போக ஆளே வைக்காத ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் புகார்தாரர் தரப்பில் ஆஜராகும் வக்கீல்கள் நாங்கள். சொந்த நீதிமன்ற வளாகத்தில் சக வக்கீல்மேல் வக்காலத்துப் போட யாரும் லேசில் முன்வருவதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மாநில மன்றத்துக்கும், டெல்லிக்கும், புகாரைத் துப்பறிந்து குழுமுன் நடத்துவதற்கென்றே சம்பளம் வாங்கும் வக்கீல் ஒருவரை நியமியுங்கள்.

புகாரைத் திரும்பப் பெற்றாலும், சமாதானமாகிவிட்டாலும், நடத்த விருப்பமில்லை என்றாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் நடவடிக்கையைக் கைவிடக்கூடாது என்று உங்கள் விதிகளின் 7ஆம் பாகம் சொல்கிறது. நல்ல விதி. வழக்கு அந்த அம்மாவின் சொந்தச் சொத்து அல்ல, தொழிலின் மானம் சம்பந்தப்பட்டது என்பதுதான் அதன் பொருள். 1975இல் தபோல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: தொழில் ஒழுக்கத்தின் காவலர் பார் கவுன்சில், மேல்முறையீடு செய்யும் உரிமைகூட அதற்கு உண்டு. சரி, காவலருடைய வழக்கை நடத்துவது யார்? 35ஆம் பிரிவின்படி மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரலுக்கு நோட்டீஸ் போகிறது, அவர் வரலாம் என்றும் இருக்கிறது. வந்து நாங்கள் பார்த்ததில்லை. எஞ்சி நிற்பது பூக்காரம்மாதான்.

அவர் என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்று பாருங்கள். முதலில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பும் ஆர்டர் ஷீட்டும், சான்றிட்ட நகலாக. அடுத்தது பணம் பெறும் மனுவும் பட்டுவாடா ரசீதும். மூன்றாவது வக்காலத்து; பணம் வாங்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. நான்காவதுதான் உயிர்நாடி: வக்கீலின் வங்கிக் கணக்கு அறிக்கை. அதை அந்த அம்மா கேட்டால் எந்த வங்கியும் தராது. குழு தருவிக்கலாம், 42ஆம் பிரிவு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த மாதம் என்று மனு போட்டால்தான் தருவிக்கும். அந்த விவரம் தீர்ப்பாயத்தின் பட்டுவாடா பதிவேட்டில் கிடக்கிறது. ஆகவே முதலில் பதிவேட்டை வரவழைத்து, கணக்கு எண்ணைப் பிடித்து, அதன்பிறகு வங்கிக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் "இருட்டில் துழாவுகிறார்" என்ற ஒரே ஆட்சேபணையில் மனு விழுந்துவிடும். பழகிய வக்கீலுக்கு இது சில வார வேலை. சட்டம் தெரியாதவருக்கு இந்த வரிசையை யார் சொல்லித் தருவார்கள்?

பேசியதெல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவில். அதற்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்: பகுதி ‘அ’ புகார்தாரர் கையெழுத்து, பகுதி ‘ஆ’ நிபுணர் கையெழுத்து, கூடவே ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு). மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, பழையது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டால் சாட்சியமும் சேர்ந்து போயிற்று. புகார் வந்த வாரத்திலேயே போனை வாங்கிப் பிரதி எடுத்து வைக்க ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

புகாரை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மாநில மொழியிலோதான் தரலாம். பெங்களூரில் தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவர் முதல் பக்கத்துக்கே இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். பிறகு குறுக்கு விசாரணை. எதிரில் சீனியர், அவருக்குப் பின்னால் நான்கு ஜூனியர். சாட்சிக் கூண்டில் நிற்பவரே வாதியும், தன் தரப்பு வக்கீலும், குமாஸ்தாவும். நிரூபண அளவோ கிரிமினல் வழக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது: சந்தேகத்தின் பலன் வக்கீலுக்கே என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. தவறான ஆலோசனை வேறு, முறைகேடான ஆலோசனை வேறு என்கிறது 1983இன் காண்டேகர் தீர்ப்பு. இரண்டையும் குறை சொல்ல மாட்டோம், எங்களுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். ஆனால் கிரிமினல் அளவு நிரூபணம் கேட்டுவிட்டு, போலீசும் இல்லை, அரசு வக்கீலும் இல்லை என்றால் அதை விசாரணை என்று எப்படிச் சொல்வது?

வேறு கதவாவது உண்டா? வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. 2025இல் இழப்பீட்டை நேரே உரியவர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னது, மகிழ்ச்சி. அதற்கு முன்பே கைமாறிய பணத்துக்கு அதனால் பயனில்லை. கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு எழுத வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்ற உங்கள் விதிகள் அருமையானவை. அந்தக் கணக்குப் புத்தகத்தை யாராவது திறந்து பார்க்கிறார்களா? கலிபோர்னியாவில் கட்சிக்காரர் பணம் வைக்கும் கணக்கில் இருப்பு இல்லாமல் செக் வந்தால் வங்கியே அங்குள்ள ஸ்டேட் பாருக்கு எழுதியாக வேண்டும். அங்கே விசாரிக்கவும் வழக்கு நடத்தவும் தனி அலுவலகமே இருக்கிறது.

உங்களால் வேகமாக நகர முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இணையத்தில் வக்கீல்களுக்கு ஆள்பிடிக்கும் தளங்களைப் பற்றி 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சில நாட்களில் உங்கள் உத்தரவு பறந்தது. விளம்பரம் செய்த வக்கீலுக்கு விமான வேகம், பணத்தை விழுங்கியதாகப் புகார் வந்த வக்கீலுக்கு வாய்தா. மூவர் குழுவில் இருவர் மன்றத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். புகாருக்கு உள்ளானவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு, பூக்காரம்மாவுக்குக் கிடையாது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊரார் சொன்னால் எங்களாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஓராண்டு என்பது புகார் வந்த நாளிலிருந்து ஓடுகிறது. வக்கீலின் விளக்கம் கேட்பது, மேல்விவரம் கேட்பது, முகாந்திரம் பார்ப்பது எல்லாம் அதற்குள்ளேயே கரைகிறது. தாமதம் மன்றத்துடையது, அதற்கான தண்டனை புகார்தாரருக்கு: கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. அவர் வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரணையைத் தொடரலாம். இயந்திரம்போலக் கோப்பை மாற்றாதீர்கள் என்று 2017இல் கோஹில் வழக்கிலும், மாற்றப்பட்டவற்றை ஓராண்டில் முடியுங்கள் என்று 2021இல் அஞ்சினப்பா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுபவமுள்ள வக்கீல்களையும் நீதித்துறை அதிகாரிகளையும் விசாரணை அதிகாரிகளாகப் பட்டியலிடலாம் என்ற வழியும் அஞ்சினப்பாவிலேயே இருக்கிறது. எனவே புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைப் போடுங்கள். அதிலிருந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, புகாரைக் குழுமுன் நடத்தும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படையுங்கள்.

அதுவரை இந்த ஒரு கோப்பிலாவது தயவுசெய்து இவ்வளவு செய்யுங்கள். முதல் வாய்தாவுக்கு முன்பே தீர்ப்பாயத்தின் பட்டுவாடா பதிவேட்டை நீங்களே வரவழையுங்கள். புகார்தாரரின் சாட்சியத்தைப் பெங்களூரிலேயே கமிஷன் வைத்து, அதாவது அதற்கென ஒருவரை நியமித்து, பதிவு செய்யுங்கள், 42ஆம் பிரிவு அதற்கும் இடம் தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் தெரிவியுங்கள், சம்பளம் வாங்காமல் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
புகார்தாரர்களுக்காக ஆஜராகும் தமிழ் வழக்கறிஞர்கள், பெங்களூரு