கடைசி வண்டிக்காரர் கையில் ஸ்பெனர் பை இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் நெருங்குகிறது. நுவரெலியா வசந்த காலத்துக்கு யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாக மலையேறி வருவார்கள். நான் தலவாக்கலையில் 19 வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். அவர்கள் புறப்படுவதற்கு முன் இது அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடந்த பெப்ரவரி 4 விடுமுறைக்கு நாங்கள் பதினொரு வண்டிகளில் கதிர்காமம் போனோம். விடியற்காலை கிளம்பினோம். ஹக்கல தாண்டியதும் ஒருவரின் கிளச் கேபிள் அறுந்தது. புதுக் கேபிள் ஒன்றைப் பழையதோடு சேர்த்தே இழுத்துக் கட்டி வைத்திருந்தார். இரண்டு முனையையும் மாற்றிப் பூட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தூரப் பயணம் போகிற எல்லோருமே அப்படிக் கட்டி வைக்கலாம். வெலிமடை, பண்டாரவளை தாண்டி எல்ல வரைக்கும் வேறு குறை இல்லை.

எல்லவிலிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அதற்குள் சுமார் 800 மீட்டர் கீழே இறங்குகிறோம். 2025 செப்டெம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இந்தப் பாதையில்தான். அதைப் பேசிக்கொண்டே இறங்கினோம். நான் முன்னால் போனேன். கடைசியில் வந்தது என் மச்சானின் மகன். 22 வயது, 150 சிசி வண்டி.

வெல்லவாயவில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எண்ணிப் பார்த்தோம். பத்து வண்டிதான் நின்றது. போன் அடித்தால் சிக்னல் இல்லை. ஒருவர் படம் எடுக்க நின்றிருப்பான் என்றார், இன்னொருவர் பெற்றோல் முடிந்திருக்கும் என்றார். அப்படியே நாற்பது நிமிடம் போய்விட்டது. அப்புறம் என் மனம் கேட்கவில்லை, திரும்பி ஏறினேன்.

இராவணா நீர்வீழ்ச்சி தாண்டி வருகிற ஒரு முடக்கில், மலைப்பக்கத்துக் கானுக்குள் வண்டி சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் தோல் உரிந்திருந்தது, முன் மட்கார்ட் உடைந்திருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தபோது லீவர் வெறுமனே கைப்பிடி வரைக்கும் வந்திருக்கிறது. பயல் பதறாமல் ஒவ்வொரு கியராகக் குறைத்து, பின் பிரேக்கையும் மிதித்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் கானுக்குள் விட்டிருக்கிறான். எதிரே வாகனம் வராதது கடவுள் செயல்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சேரும்போது முன் பிரேக்கின் டிஸ்க் ஆறிவிட்டிருந்தது. லீவரை அமுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. "மாமா, இப்ப பிடிக்குதுதானே, போவோம்" என்றான். ஆபத்தே அதுதான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிப் பழசாகிவிட்டால் 155 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், ஆவி அமுங்கிக் கொடுக்கும், லீவர் வெறுமையாகிவிடும். ஆறினால் ஆவி மறுபடி ஒயிலாகி, ஒன்றுமே நடக்காதது போல பிரேக் பிடிக்கும். அதை நம்பி இறங்கினால் அடுத்த நீண்ட இறக்கத்தில் திரும்பவும் கைவிடும்.

ஒயில் கப்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பிளேன்டீ போலக் கறுத்திருந்தது. வண்டி வாங்கி நாலு வருடம், ஒரு தடவைகூட மாற்றவில்லை. சீல் உடைக்காத சின்னப் போத்தல் ஒன்று என் பையில் இருந்தது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில், ஒயிலை வெளியே விடுவதற்கென்று இருக்கும் நிப்பிளில் சேலைன் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, மறுமுனையை வெற்றுத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டேன். அவன் லீவரை மெதுவாக அமுக்கிப் பிடிப்பான், நான் 8ஆம் நம்பர் ஸ்பெனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன், குமிழும் கறுப்பு ஒயிலும் வரும், மூடுவேன், அதன் பிறகுதான் அவன் லீவரை விடுவான். கப் வற்ற விடக் கூடாது, வற்றினால் காற்று ஏறும். இருபது நிமிடத்தில் குழாயில் தெளிந்த ஒயில் வந்தது. வண்டிப் பெயின்டில் சிந்தினால் அரித்துவிடும், ஆகவே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ஆனால் சூடான டிஸ்க்கில் மட்டும் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும்.

இருபது நிமிட வேலை அது. அதற்கான ஒயிலும் ஸ்பெனரும் என்னோடு முன்னாலேயே வெல்லவாயவுக்குப் போய்விட்டன. திருத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானே கூட்டத்தின் தலையில் ஓடியிருக்கிறேன். அன்றிரவு கதிர்காமத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் நான்தான் கடைசி வண்டி. ஒவ்வொருவரும் தன் பின்னால் வருபவரின் விளக்கு கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் முடக்கில் நிற்காமல் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளிடமும் இதையே கேட்கிறேன். உங்கள் கூட்டங்களிலும் வேகமாக ஓடுகிறவரும் வேலை தெரிந்தவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறார், அவரே முன்னால் போய்விடுகிறார். அவரைப் பின்னால் விடுங்கள், பையையும் அவரிடமே கொடுங்கள். விடுமுறை நாளிலும் போயாவிலும் உதிரிப்பாகக் கடை பூட்டியிருக்கும், வழியில் வாங்கலாம் என்று வர வேண்டாம்.

இன்னொன்று. 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில், இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருள விடும் பழக்கம் பலருக்கு வந்தது. இன்னும் அது போகவில்லை. கிளச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டிலும் பாரம் முழுக்கப் பிரேக்கின் மேல்தான் விழும். என் அப்பா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். ஏறின கியரிலேயே இறங்கு என்பார். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்கள் நீண்ட இறக்கங்களில் இடையிடையே நிறுத்தி டிஸ்க்கையும் டிரம்மையும் ஆற விட வேண்டும்.

ஏப்ரல் மாதம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் கராஜ் திறந்திருக்கும். ஹட்டன் பக்கமாக ஏறி வரும் பிள்ளைகள் நிறுத்தி ஒயில் கப்பைக் காட்டிவிட்டுப் போகலாம். பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டேன்.

மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
தலவாக்கலை