கந்தோர் பக்கத்தில் வந்தால் நாங்கள் வருவோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைத் திரும்ப அலுவலகத்துக்கு அழைப்பது பற்றிக் கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 'சொகுசுக்குப் பழகிவிட்டார்கள்' என்ற வரியைத் தாண்டி என்னால் இலகுவாகப் போக முடியவில்லை. கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து மென்பொருள் வேலை செய்கிறவள் நான். வாரத்தில் மூன்று நாள் கொழும்புக் கந்தோரில் இருக்க வேண்டும் என்று எனக்கும் அறிவித்தல் வந்திருக்கிறது.

நாங்கள் சொகுசு தேடி ஊருக்கு வந்தவர்கள் அல்ல. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கொழும்பில் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் அறை எடுத்து இருந்த பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் 2022இல் பெற்றோல் இல்லை. அந்த ஜூன் மாதம் அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. அதற்குச் சற்று முன், மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் எழும்பி வேலையை முடித்துக் கொடுத்தோம். அப்போது எங்களைச் சோம்பேறிகள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது 'திரும்பி வாருங்கள்' என்கிறார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் நுகேகொடையில் இருப்பவருக்கு அது ஒரு பஸ் பயணம். இங்கே இருப்பவருக்கு 400 கிலோமீற்றர். வாரத்தில் மூன்று நாளுக்காக இரவு பஸ்ஸில் போய் வர உடம்பு தாங்காது. அப்படியானால் அங்கே ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டோடு சேர்ந்த வாடகைப் பகுதி, எடுக்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்கிறார்கள். இங்கே வயதான அம்மா அப்பாவைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். சம்பளம் மட்டும் அதேதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் வேலையை விட்டால், அவர் சொகுசுக்காக விட்டார் என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் நாங்கள் எல்லாரும் வீட்டை விட்டு நகரவே விரும்பாதவர்கள் என்று நினைப்பதும் பிழை. சீனாவின் பெரிய பயண நிறுவனம் ஒன்றில் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. விருப்பப்பட்டு முன்வந்த ஊழியர்களில் ஒரு பகுதியினரை 9 மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். அவர்கள் செய்து முடித்த வேலை 13 சதவீதம் கூடியது. அது முடிந்ததும் இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தாங்களாகவே அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். முக்கிய காரணம் தனிமை. இன்னொன்றும் தெரிய வந்தது: அதே அளவு வேலை செய்தும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவு. மேலாளர்கள் கண்ணில் படுகிறவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள் போலும். அதே நிறுவனத்தில் செய்த மற்றொரு ஆய்வு 2024இல் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருக்க விட்டதும் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலையின் தரம் குறையவில்லை.

எனக்கே அலுவலகம் வேண்டும். அதற்கு முதல் காரணம் எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. கெட்டிக்காரன், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்தவன். கணினி காட்டிய ஒரு பிழைச் செய்தியோடு இரண்டு நாள் தனியாகப் போராடியிருக்கிறான். நான் பார்த்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன். தரவுத்தளத்துக்கான கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது, அவனுக்குச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "அக்கா, நீங்கள் பிஸியா இருப்பீங்கள், என்ன நினைப்பீங்களோ எண்டு விட்டுட்டன்" என்றான். பக்கத்துக் கதிரையில் இருந்திருந்தால் அவன் கேட்கவே தேவையில்லை. முகத்தைப் பார்த்தே என்ன தம்பி என்று நான் கேட்டிருப்பேன். எனக்கு வேலை பழக்கியவர்களும் அப்படித்தான் பழக்கினார்கள். வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுவது, முடியாததை முடியாது என்று எப்படிச் சொல்வது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து காதில் விழுந்தே படித்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகிறது என்பது எனக்கு உண்மையான கவலை.

வீடும் ஒன்றும் சொர்க்கமில்லை, பெண்களுக்கு முக்கியமாக. நான் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் உள்ளவர்கள், "வீட்டிலதானே நிக்கிறாய், ஒருக்கா போஸ்ட் ஒபிசுக்குப் போட்டு வா பிள்ளை" என்பார்கள். அவர்களில் குற்றமில்லை. வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்றுதான் இங்கே பழக்கம். மூன்று அறை வீட்டில் ஆறு பேர், சமையலறையில் மிக்ஸி, பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி. என்னைப் போன்ற பலர் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்காவது வேலைக்குப் போகத் தயாராகத்தான் இருக்கிறோம். அந்த இடம் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ நல்லூரிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நிறுவனங்கள் கட்டளைக் கடிதங்களை நிறுத்திவிட்டு இங்கே ஒரு கந்தோர் திறக்கட்டும். யாழ்ப்பாணத்தில் இருபது ஊழியர் உள்ள நிறுவனத்துக்கு ஒரு மாடி போதும். சிறிய நிறுவனங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வாடகையைப் பகிரலாம். நல்ல இணையம், ஜெனரேட்டர், சத்தம் வராமல் பேச இரண்டு சிறிய அறைகள், பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை. பலாலி வீதியால் போகும்போது வாடகைக்கு என்று பலகை தொங்கும் கட்டடங்கள் என் கண்ணில் படாத நாளில்லை.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் லண்டனில். அவர்களின் காலை ஒன்பது மணி இங்கே பிற்பகல் ஒன்றரை, அங்கே குளிர்காலம் என்றால் இரண்டரை. காலை எட்டரைக்குக் கந்தோரில் கைரேகை வைத்துவிட்டு இரவு எட்டு மணிவரை கூட்டத்தில் இருக்க முடியாது. பகலில் வந்து ஒன்றாக வேலை செய்துவிட்டு, மாலைக் கூட்டங்களை வீட்டிலிருந்து செய்ய விட வேண்டும். அப்புறம், வருகிற நாளில் அணியில் எல்லாரும் வர வேண்டும். தனியே வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருப்பதானால் அதை வீட்டிலேயே செய்யலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாரும் கொழும்பில் கூட வேண்டுமா? சரி, வருகிறோம். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், பயணச் செலவையும் தங்கும் செலவையும் கொடுங்கள்.

இதையெல்லாம் எங்கள் நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இடம் எடுத்தால் வாரம் நான்கு நாள் வருகிறோம் என்று இங்கிருந்து வேலை செய்யும் எல்லாரும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறோம், அந்தத் தம்பி உட்பட. பதிலுக்குக் காத்திருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் வேறு நிறுவனங்களின் ஊழியர்களும் இப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உங்களுக்கு இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
கொக்குவில்.