பவுலீனே வெறும் விதவையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரச குடும்பத்துப் பெண்களைப் பற்றிய தொடரில், சென்ற இதழில் ஜெர்மனியில் அன்றிருந்த லிப்பே என்ற சிறு நாட்டின் இளவரசி பவுலீனேவுக்கு நாலே வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதிலும் ஒரு வரி, ‘கணவர் மறைந்தபின் மகனுக்காக அரியணையைக் காத்திருந்த விதவை’ என்கிறது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பாலன்ஸ்டெட் அரண்மனையில், பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர் அவர். தந்தையிடமே பாடம் கற்று, பதின்மூன்று வயதில் அவருடைய அரசு அலுவல்களுக்குத் துணையாக உட்கார்ந்தார். 1796-இல் லிப்பேயின் இளவரசர் லியோபோல்டை மணந்தார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள்; ஒரு பெண் குழந்தை பிறந்த கையோடு இறந்துவிட்டது. 1802-இல் கணவர் இறந்தபோது பவுலீனேவுக்கு வயது 33. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அவர் காத்துக்கொண்டா இருந்தார்? 1808 டிசம்பரில் பண்ணையடிமை முறையை ஒழித்தார். நெப்போலியன் காலத்தில் சின்னஞ்சிறு நாடுகள் மறைந்துகொண்டிருக்க, லிப்பேயை விழாமல் நிறுத்தினார். கடனில் தத்தளித்த லெம்கோ நகரின் மேயர் பொறுப்பையும் தானே ஏற்றார். 1819-இல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்டத்தைப் பிரபுக்கள் எதிர்த்து முடக்கினார்கள். மறு ஆண்டு ஆட்சியை மகனிடம் ஒப்படைத்தார். அந்த டிசம்பரிலேயே இறந்தும் போனார்.

அன்று லிப்பேயின் தலைநகராக இருந்த டெட்மோல்டில் வசிப்பவள் நான். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். விடிவதற்குள் துப்புரவு வேலைக்குப் போகும் தாய், தன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னிடம் தந்துவிட்டு ஓடுவார். இதே ஊரில், 1802-இலேயே, வயலுக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் திறந்தவர் பவுலீனே. காலையில் வரும் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான சட்டை போட்டுவிடுவது அங்கே வழக்கம். அறுவடைக் காலம் முடியும்வரை அது நடந்தது. நீங்களோ குழந்தைக் கல்வி பற்றிய கட்டுரையை 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் சூட்டிய ஃபுரோபெலிலிருந்துதான் தொடங்கினீர்கள். அப்போதே எழுதினேன், என் கடிதம் வெளிவரவில்லை.

இதுதான் முதல் தடவை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வைமார் என்ற இன்னொரு ஜெர்மானியச் சிறு நாட்டை ஆண்ட அன்னா அமாலியாவையும் ‘கோதேயை ஆதரித்த சீமாட்டி’ என்றுதான் அறிமுகப்படுத்தினீர்கள். ஏழாண்டுப் போரின் நடுவே, பத்தொன்பது வயதில், கைக்குழந்தைகளோடு ஆட்சிப் பொறுப்பேற்றவர் அவர். கவிஞர் கோதே வைமாருக்கு வந்ததே அன்னா அமாலியா ஆட்சியை மகனிடம் கொடுத்த பிறகு, 1775-இல். இது உங்களுக்குத் தெரியாததா ஐயா? தெரிந்தும் ஒரு பெண்ணைச் சொல்ல ஓர் ஆணின் பெயரைத்தான் தேடுகிறீர்கள். எங்கள் ஊர்த் தமிழ் விழாக்களிலும் இன்னாருடைய மனைவி என்றே என்னை மேடைக்கு அழைக்கிறார்கள். நான் செய்யும் வேலையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘அரியணையைக் காத்திருந்த விதவை’ என்பதை நீக்கி, ‘1802 முதல் 1820 வரை லிப்பேயை ஆண்டவர்’ என்று அச்சிட்டால் போதும். இடம் இருந்தால் காப்பகத்தைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டெட்மோல்ட், ஜெர்மனி