கட்டணம் என்று சொன்னால் வட்டி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

செயலி வழியாகக் கடன் கொடுப்பவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயமெல்லாம் சரிதான், சொற்கள்தான் உறுத்துகின்றன. ஒரு தனியாள் அநியாய வட்டி வாங்கினால் கொஞ்சமும் யோசிக்காமல் 'கந்துவட்டிக்காரர்' என்று எழுதுகிறீர்கள், அதையே ஒரு நிறுவனம் வாங்கினால் 'சேவைக் கட்டணம்', 'செயலாக்கக் கட்டணம்' என்று மரியாதையாக ஆகிவிடுகிறது.

பத்தாயிரம் கடன் என்று வையுங்கள். 1,500-ஐக் கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள், 30 நாளில் முழுப் பத்தாயிரத்தையும் கட்ட வேண்டும். விளம்பரத்தில் 'வட்டி 0 சதவீதம்' என்றே போட்டுக்கொள்ளலாம்! ஆனால் கைக்கு வந்தது 8,500தானே, அதற்கு மாதம் 1,500 என்றால் ஆண்டுக் கணக்கில் சுமார் 215 சதவீதம். கட்ட முடியாமல் தள்ளிப்போட்டால் 'புதுப்பிப்புக் கட்டணம்' என்று இன்னொரு 1,500 போகும், அசல் அப்படியே நிற்கும். எனக்கே இந்தக் கணக்கு புரிந்தது நாலாவது முறை புதுப்பித்த பிறகுதான், அதுவரை வட்டியில்லாமல் கடன் வாங்கிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ('ஃபிளாட் வட்டி 12 சதவீதம்' என்பதும் இதே ரகம்தான். அசல் மாதாமாதம் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி போடுவதால், ஓராண்டுத் தவணையில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும்.)

பெயரை மாற்றி வாங்குவது புது வித்தையும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு வட்டி வாங்கத் திருச்சபை தடை போட்டிருந்தது. ஆனால் பணம் திரும்பிவரத் தாமதமானதால் நஷ்டம், அதற்கு ஈடு என்று சொன்னால் வாங்க வழி இருந்தது, அதை லத்தீனில் 'இன்டரெஸ்ஸே' என்றார்கள். அந்தச் சொல்தான் இன்று ஆங்கிலத்தில் வட்டிக்கே பெயராகிவிட்டது.

அமெரிக்காவில் 1968-லேயே சட்டம் போட்டு, கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுச் சதவீதமாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். அங்கே சம்பளம் வரும்வரை சமாளிக்க வாங்கும் இரண்டு வாரக் கடனில் 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம் சர்வசாதாரணம், கேட்டால் பதினைந்துதானே என்று தோன்றும், ஆண்டுக் கணக்கு போட்டால் கிட்டத்தட்ட 400 சதவீதம். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், 2015 முதல் இந்த மாதிரிக் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது, மொத்தச் செலவு வாங்கிய கடன் தொகையைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. நீ எந்தப் பெயரில் வாங்கினாலும் சரி, ஒரே கணக்கில்தான் சேர்ப்பேன் என்பதுதான் அதன் பொருள்.

அரசு செய்வது ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் இதை நாளைக்கே செய்யலாம். கடன் பற்றி எழுதும்போது 'கட்டணம்' என்ற சொல் வந்தால் பக்கத்திலேயே ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று போடுங்கள். அப்புறம் அந்தக் 'கந்துவட்டி' என்ற சொல்லை, தனியாள், நிறுவனம் என்று இரண்டு பேருக்கும் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்