பெயிண்ட்டை விடு, தண்ணீரைப் பார்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலம் என்று வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறேன், அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம். திருப்பூரைக் காலி செய்துவிட்டுப் பாலக்கோட்டு வீட்டுக்கே வருகிறோம் என்று நீ எழுதியதும் முதல் வேலையாக மூக்குத்தி டீச்சருக்குத்தான் போன் போட்டேன். "அவ வந்துட்டா இனி ஊர்ல யாருக்கும் மதியத் தூக்கம் கிடையாது" என்று அப்படிச் சிரித்தார். சரி, அது இருக்கட்டும். நீ அனுப்பிய பெயிண்டரின் எஸ்டிமேட்டையும், கடைசியில் குடிதண்ணீரைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்த அந்த ஒரு வரியையும் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே வேறு கதைக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

முதலில் பெயிண்ட். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் என்று அந்த ஆள் ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டிருக்கிறார். உங்கள் அம்மா வீட்டுச் சுவர் சிமெண்ட் சுவரா என்ன? சுண்ணாம்புக் காரைச் சுவர். கீழே மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் அந்தச் சுவர் வழியாகவே மூச்சு விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் எமல்ஷன் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஒன்றிரண்டு மழைக்காலம் போவதற்குள் உப்புப் பூத்து, முழங்கால் உயரம் வரைக்கும் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பிக்கும். எங்கள் எதிர்வீட்டில் நடுக்கூடத்துச் சுவர் அப்படித்தான் நிற்கிறது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி, பாதி காசு கூட ஆகாது.

எப்படி என்று கேட்பாய், சொல்கிறேன். கல் சுண்ணாம்பு வாங்கிக்கொள். இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்ற வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட் சூட்டில் இளகிவிடும், அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே. கண்ணில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் நேராக ஆஸ்பத்திரிதான். நன்றாக ஆறி ஊறிய பிறகு பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் ஒரு கை உப்பும், மஞ்சளடித்துத் தெரியாமலிருக்கச் சொட்டு நீலமும் சேர்த்து மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். அடிக்கிறதுக்கு முன்னால் சுவரில் தண்ணீர் தெளித்து நனைக்கச் சொல், இதை வேலையாட்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள், காய்ந்த சுவரில் அடித்த சுண்ணாம்பு தொட்ட கையில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, சுவர் நனைந்த மாதிரிதான் இருக்கும். பயந்துபோய்க் கெட்டியாக அப்பச் சொல்லாதே. காயக் காயத்தான் வெள்ளை ஏறும், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகவே இறுகிவிடும். மெல்லிசாக மூன்று தடவை போதும். பின்கட்டு அறை மட்டும் உன் தம்பி ஏற்கெனவே எமல்ஷன் அடித்தது, அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதை அப்படியே விடு. மாடித் தளத்துக்கும் ஒரு கை அடித்துவிட்டால் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியும்.

திரைச்சீலைக்கு எல்லாம் காசு போடாதே. அம்மாவின் சுங்குடிச் சேலைகள் பெட்டி நிறைய இருக்கின்றன அல்லவா, ஒரு சேலையில் இரண்டு ஜன்னல் வரும். மேலே மடித்து ஒரு தையல், உள்ளே கம்பி, அவ்வளவுதான். மெத்தை உறைக்கு வேண்டுமானால் ஒருநாள் பர்கூர் போய்வரலாம், நானும் வருகிறேன். கடை கடையாக ஏறி இறங்கி நீ பேரம் பேசுவதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! கடைக்காரர் கடையைச் சாத்திக்கொண்டு போனாரே, அது இன்னும் எங்கள் வீட்டில் பேச்சாகத்தான் இருக்கிறது.

சுத்தம் செய்கிறதுக்கு நீ ஒரு பாட்டில் பட்டியல் அனுப்பியிருந்தாய். குழாய்க்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று. நம் ஊர்த் தண்ணீரில் குழாய் முழுக்க வெள்ளையாக உப்புக்கறை படியும், அது உண்மைதான். ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கையைத் துணியில் வைத்துக் குழாய் மூக்கில் ராத்திரி கட்டிவிடு, காலையில் தேய்த்தால் கறை கழன்று வரும். பித்தளைக் குத்துவிளக்குக்கும் அதே சக்கைதான். நம் பக்கம் புளிக்கா பஞ்சம்? ஆனால் ஒன்று, சமையல் மேடை கடப்பாக் கல் என்றால் புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் அதன் மேல் வைக்காதே, அது சுண்ணாம்புக்கல், புளிப்பு பட்ட இடம் வெளுத்துச் சொரசொரத்துப் போகும். கிரானைட் என்றால் கவலையில்லை. என்ன கல் என்று தெரியவில்லையா, கண்ணில் படாத ஓரமாக ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பார், நுரைத்தால் கடப்பா. அப்புறம் இந்தச் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடுகிறார்களே, அது கண்ணுக்குத்தான் வேடிக்கை. ஒன்றை ஒன்று முறித்துவிடும், மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். தனித்தனியாகப் போடு.

பாத்ரூமுக்கு ஆசிட் மட்டும் வாங்காதே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு மருமகள், பாவம் சின்னப் பெண், தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, அது காய்வதற்குள் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டாள். கதவும் சாத்தி, ஜன்னலும் சாத்தி. அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. இருமிக்கொண்டே வெளியே வந்து வாசலில் விழுந்தாள், நாங்கள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். ஆக்சிஜன் வைத்து, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது எழுந்து நடமாடுகிறாள், மாடி ஏறினால்தான் இன்னும் மூச்சு வாங்குகிறது. பிளீச்சிங் பவுடர் போடுகிற நாளில் வேறு எதுவும் கூடாது, ஜன்னலைத் திறந்து வை. உன் வீட்டில் வேலை செய்ய வருகிற பெண்ணுக்கும் இதைச் சொல்லிவிடு.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "போர் தண்ணி இருக்கே, அம்மா அதைத்தானே குடிச்சாங்க, ஒகேனக்கல் தண்ணி கனெக்‌ஷன், தொட்டி செலவெல்லாம் இப்ப வேண்டாம்னு அவர் சொல்றார்" என்று எழுதியிருக்கிறாய். செல்வி, நம் பத்தாங்கிளாஸ் குரூப் போட்டோ உன்னிடம் இருக்கிறதா? எடுத்துப் பார். ஒருத்தியாவது பல் தெரியச் சிரித்திருக்கிறாளா? ராணி செங்கல் பொடி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து ஈறெல்லாம் ரத்தமாக வந்தாளே, பல்லில் இருந்த அந்தக் கறை போயிற்றா? போகாது. பல் ஈறுக்குள்ளே உருவாகும்போதே, தண்ணீரில் கரைந்திருக்கிற ஃபுளோரைடு என்கிற உப்பு உள்ளே ஏறிவிடுகிறது, எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் ஆயுசுக்கும் பல்லில் நிற்கிறது. உன் பேத்திக்கு ஐந்து, பேரனுக்கு இரண்டு. மகள் வேலைக்குப் போகிறாள் என்று அவர்களை உன்னிடம்தானே விடப்போகிறாள்?

நம் மாவட்டத்துப் பாறையில் இருக்கிறது அது. பாறைக்குள் தங்கிக் கிடக்கிற தண்ணீரில் கரைந்து போரில் வருகிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரைக்கும் என்பதுதான் குடிதண்ணீருக்கு அரசாங்கம் வைத்திருக்கிற கணக்கு. வாயில் வைத்தால் ருசியில் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. காய்ச்சிக் குடித்தால் போச்சு என்று உன் வீட்டுக்கார அண்ணன் சொல்வார், கட்டாயம் சொல்வார். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நின்று இன்னும் கெட்டியாகும். பீங்கான் கேண்டில் வைத்த பழைய ஃபில்டரிலும் அது நிற்காது. ஆர்.ஓ. எடுக்கும், ஆனால் அதை வாங்கிப் பராமரிக்கிற காசுக்குக் குழாய்க் கனெக்‌ஷனே வாங்கிவிடலாம். ஃபுளோரைடுக்காகவே ஜப்பான்காரர்களிடம் கடன் வாங்கி, ஒகேனக்கல் காவிரியிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் குழாய் போட்டு 2013-இல் தண்ணீர் விட்டார்கள். நாம் பிள்ளைகளாக இருந்தபோது இல்லாத ஒன்று வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்கிறாயே!

அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்ததே, குனிந்து கோலம் போட முடியவில்லை என்று அழுவார்களே, அது தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபுளோரைடு வருடக்கணக்கில் எலும்பில் ஏறினால் அப்படியும் இறுகும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பதறுகிறது. நீயும் அண்ணனும் இனி இருக்கப்போகிற வருடங்களை அந்தத் தண்ணீரிலா கழிக்க வேண்டும்?

போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, செடிக்கு, சுண்ணாம்பு கரைக்க இருக்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர். குழாயில் நாள் விட்டு நாள் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய், அதற்குத்தான் தொட்டி. ஓட்டுக்குக் கீழே தகரத் தூம்பு வைத்து மழைத்தண்ணீரையும் ஒரு மூடின தொட்டியில் பிடித்துக்கொள், முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடு. மழைத்தண்ணீரில் இந்தத் தொல்லையே கிடையாது, பருப்பும் சீக்கிரம் வேகும். பெயிண்ட்டில் மிச்சமாகும் காசே இத்தனைக்கும் தாராளமாகப் போதும், அண்ணனிடம் கணக்குப் போட்டுக் காட்டு.

என் பேச்சை நம்ப வேண்டாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறபோது ஒரு லிட்டர் பாட்டிலை நன்றாகக் கழுவி அதில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வா. தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள், இவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். அதுவரைக்கும் பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. சுண்ணாம்பு அடிக்க எங்கள் தெருவில் கை சுத்தமான ஆள் ஒருவர் இருக்கிறார், தை நெருங்கினால் கிடைக்க மாட்டார். இப்போதே சொல்லி வைக்கட்டுமா? அண்ணனைக் கேட்டு உடனே பதில் போடு.

அன்புடன்,
மல்லிகா
காரிமங்கலம்